நானூறு டிகிரி, ஒரு மணி நேரம்

மூன்றாம் கதவு உடைந்து ஒன்பது நாள் ஆகியும் அடித்துறையில் யாரும் தொபியாஸின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்ற இரக்கமெல்லாம் முதல் இரண்டு நாளோடு சரி. மூன்றாம் நாள் விசாரணை தொடங்கியது. நான்காம் நாளே ஊர் முடிவு கட்டிவிட்டது. கதவுக் கம்பிக்கு முலாம் பூசியவன் அவன், தப்பும் அவனுடையது. அவன் மனைவி ரெஜினாவும் சுமைகாரர்கள் இருவரும் செத்தது அவன் கைவேலையால். வெள்ளிக்கிழமை லிப்டில் அவனையும் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் மேலே அனுப்பிவிடுவது என்று பேச்சு.

மேலே என்றால் என்னவென்று அடித்துறையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தூத்துக்குடிக் கரையில் வைகாசி வெயில் ஐம்பத்துமூன்று டிகிரி. முகாமில் இடம் வேண்டுமென்றால் அட்டை வேண்டும். கடலுக்குக் கீழே பிழைக்க வந்தவர்களின் அட்டையை வந்த அன்றே ரத்து செய்துவிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒருத்தனை அனுப்பினார்கள். அவன் எட்டு நாள் உயிரோடு இருந்தான் என்று சேதி வந்தது.

அடித்துறை இந்துமாக்கடலின் தரையில், நாலு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிற ஊர். இரும்புக் கூடங்கள், அவற்றை இணைக்கிற குழாய்த் தெருக்கள், இருநூற்றுச் சொச்சம் பேர். கடல்தரையில் உருளைக்கிழங்கு அளவில் கொட்டிக்கிடக்கிற நிக்கல் கட்டிகளை இயந்திரங்கள் அள்ளிக்கொண்டு வரும். ஆறு கதவுகள் வழியாக அவை ஊருக்குள் வரும். கதவுக்கு அந்தப் பக்கம் நீர் அறை, அங்கே கடல் வந்து போகும். இந்தப் பக்கம் மனிதர் குடியிருப்பார்கள். ஒவ்வொரு கதவையும் நாலு தாழ்க்கம்பிகள் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவை இறுக்கிப் பிடித்துவிட்டால் மிச்சத்தைக் கடலே பார்த்துக்கொள்ளும், தன் பாரத்தால் கதவை இன்னும் அழுத்தி மூடும். மயிரிழை இடைவெளி விட்டால், அந்த ஆழத்தில், உள்ளே நுழைகிற தண்ணீர் இரும்பையே அறுக்கும். ஆள் எம்மாத்திரம்.

நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடுகிற கதவு. கம்பியில் எப்போதும் கடல்மண் அப்பிக்கிடக்கும். அது தேயாமல் காப்பது மேலே பூசிய நிக்கல் முலாம்தான். பாஸ்பரஸ் கலந்த நிக்கல் ஓர் அடுக்கு, டங்ஸ்டன் கலந்த நிக்கல் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி நாற்பது அடுக்கு. எல்லாம் சேர்ந்தும் ஒரு தலைமுடிப் பருமன்தான் இருக்கும். அந்தத் தலைமுடியை நம்பித்தான் ஊர் தூங்குகிறது.

அந்த வேலையில் மூன்று பேர். முலாம் தொட்டி தொபியாஸுடையது. பூசிய கம்பியை ஃபர்னஸில் நானூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து இறுக வைப்பது இன்னாசி. கடைசியில் கடினத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அமலோற்பவம், ஊரில் எல்லோருக்கும் அமலி. இன்னாசி அவளுடைய கொழுந்தன். அவள் புருஷன் ஐந்து வருடத்துக்கு முன் காய்ச்சலில் போனபின், அவளுக்கும் அவள் மகள் பிலோமிக்கும் அவன்தான் துணை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாடு அண்ணன் வீட்டில்தான்.

இந்த மூன்று பேருக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது. கதவைச் செய்தவர்களின் குடும்பம் கதவடியிலேயே குடியிருக்க வேண்டும். மூன்றாம் கதவிலிருந்து பத்தடி தள்ளித் தொபியாஸின் வீடு, அதை ஒட்டி அமலியின் வீடு. தன் பிள்ளை தலைமாட்டில் கதவு இருந்தால் ஒருத்தனும் வேலையில் ஏமாற்ற மாட்டான் என்று கணக்கு. இதை எழுதிய மகராசன் மேலே குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பான். அவன் வீட்டுக் கதவு எதைத் தடுக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் தொபியாஸ் சோதனை அறைக்கு வந்து வாசலிலேயே நின்றான். ஒன்பது நாளில் ஆள் பாதியாகியிருந்தான். அமலிக்கு அவனைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ரெஜினாவும் அவளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். கதவு உடைந்தபோது மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், ரெஜினா மட்டும் வீட்டில்.

"அக்கா, அந்தத் தடவை இருபத்தஞ்சு கம்பி பூசுனோம். இருபத்துநாலு ஆறு கதவுக்கும் போயிட்டு. ஒண்ணு உபரியா ஸ்டோர்ல கெடக்கு. அத நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லணும்."

"கம்பியில கை வைக்கக் கூடாதுன்னு தெரியும்லா."

"தெரியும். என் கை தப்புன்னு அது சொல்லிச்சுன்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பிள்ளையளக் கூட்டிட்டுப் போயிருதேன்."

கம்பியை நேரடியாகச் சோதிப்பது வழக்கமில்லை. சோதனை என்பது கூரான வைரத்தை வைத்து அழுத்தி, அது பதித்த தடத்தை மைக்ராஸ்கோப்பில் அளப்பது. தடம் சின்னதாக இருந்தால் கடினம் அதிகம், பெரிதாக இருந்தால் குறைவு. முலாமில் அப்படி ஒரு தடம் விழுந்தால் அந்த இடத்தில் கடல் வாய் வைத்துவிடும். அதனால் கம்பிகளோடு சேர்த்துக் கட்டைவிரல் அளவில் ஒரு சாம்பிள் துண்டையும் அதே தொட்டியில் பூசி, அதே ஃபர்னஸில் வைத்து, அதைத்தான் சோதிப்பார்கள். அந்தத் தடவை சாம்பிள் ஆயிரத்துப் பத்து காட்டியது. தொள்ளாயிரத்து ஐம்பது இருந்தாலே போதும். ஃபர்னஸின் சூட்டைக் கோடாகப் பதிகிற காகிதச் சுருளும் ஒரு மணி நேரத்துக்கு நானூறைத் தாண்டாமல் நேர்கோடாக இருந்தது. ஆக, ஃபர்னஸ் சரி, சோதனை சரி. மிச்சம் தொபியாஸ்தான். அன்றைக்கு நடுவில் பம்ப் நின்று நாலு நிமிடம் தொட்டி சும்மா கிடந்தது என்று அவனே விசாரணையில் உளறிவைத்திருந்தான். உள்ளதைச் சொன்னால் இப்படித்தான்.

அவனை அனுப்பிவிட்டு அமலி ஸ்டோரிலிருந்து கம்பியை எடுத்து வந்தாள். தடம் பதித்தாள். பார்த்தவள் கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தடம் பெரிதாக, அகலமாகக் கிடந்தது. ஐந்நூற்று நாற்பது. ஃபர்னஸில் வைக்காமல் சும்மா விட்டிருந்தால்கூட அறுநூறு இருந்திருக்கும்.

ஊர் சொன்னது சரி, தப்பு தொட்டியில்தான் என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்துப் பின்னால் பல நாள் அவள் தன்னையே வெறுத்தாள்.

ஆனாலும் முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று கம்பியைக் குறுக்கே அறுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு சொட்டு அமிலம் விட்டு மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள். தொபியாஸின் கை பிசகியிருந்தால் அடுக்குகள் கோணலாக இருக்கும், ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும். நாற்பது கோட்டை எண்ணத் தயாராக உட்கார்ந்தாள். எண்ணுவதற்கு ஒரு கோடுகூட இல்லை. எல்லா அடுக்கும் ஒன்றோடொன்று கரைந்து, வெறும் சொரசொரப்பான ஒரே பட்டையாகக் கிடந்தது.

அப்படிச் செய்ய எந்தத் தொட்டியாலும் முடியாது. சூட்டால் மட்டும்தான் முடியும். அமலி எழுந்து ஃபர்னஸ் அறைக்குப் போனாள்.

இன்னாசி ஃபர்னஸின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் அதை வீட்டு அடுப்பைப் போலச் சுத்தமாக வைத்திருப்பான். அமலி கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"தம்பி, அன்னைக்கு நான் சாம்பிள எடுத்துட்டுப் போன பொறவு கம்பிய எப்ப வெளிய எடுத்திய?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "பொறவு மூணு மணி நேரம் வச்சிருந்தேன் மைனி. சூட்டையும் அறுநூத்தம்பதுக்குக் கூட்டுனேன்" என்றான். நல்ல காரியம் செய்தவன் சொல்கிற குரல்.

"என்னத்துக்கு?"

"பிலோமி தலைமாட்டுலதான கதவு."

அமலி அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நானூறு, ஒரு மணி நேரம் என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. வேக வேக இறுகும் என்பதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அதற்கு மேலும் வேகவிட்டால் இன்னும் இறுகும் என்று நினைத்ததில் என்ன அதிசயம். சூட்டுச் சுருளை அவள் சாம்பிளோடு கிழித்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு நடந்தது எந்தக் காகிதத்திலும் இல்லை.

"அந்த ஒரு மணி நேரத்துல உள்ளுக்குள்ள பொடிப்பொடியா கெட்டியான மணி உண்டாகும் தம்பி. அதுதான் அதோட பலம். அதுக்கு மேல போனா மணியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாயிரும். அடுக்கும் கலந்துரும். பலம் போயிரும். சோறு குழைஞ்சு போறதுல்லையா, அப்படி. குழைஞ்ச பொறவு நாம என்ன செஞ்சாலும் திரும்பாது."

இன்னாசி கையிலிருந்த துணியை மடித்தான். மறுபடி விரித்து மடித்தான். ரெஜினா பெயரை ஒருதரம் சொன்னான். அவன் அழுது அமலி பார்த்தது அண்ணன் செத்தபோது ஒருமுறை, இப்போது ஒருமுறை. அவள் அவனைத் தேற்றவில்லை. இன்னும் ஐந்து கதவில் அதே கம்பிகள் இருக்கின்றன, நாலாம் கதவு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"நாம இப்பவே சூசை அண்ணாச்சிட்ட போயிச் சொல்லணும் தம்பி."

"சொல்லுவோம்" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "மைனிக்கு ஞாபகம் இல்லையோ. நீங்கதான சொன்னிய."

"நான் என்ன சொன்னேன்?"

"சாம்பிள எடுத்துட்டு வாசல் வரைக்கும் போனிய. திரும்பி நின்னு சொன்னிய. கூடக் கொஞ்ச நேரம் கெடந்தாலும் நல்லதுதான் தம்பி, நம்ம கதவுக்குப் போறதுன்னு."

இல்லை என்று சொல்ல அமலி வாயைத் திறந்தாள். திறந்தபோதே எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்குப் பிலோமிக்குக் காய்ச்சல். பிள்ளையைக் கதவடி வீட்டில் தனியாகப் படுக்கவைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். கையில் சுருளும் சாம்பிளும், மனசு முழுக்க வீட்டில். சூடு கூடினால் முலாம் கெடும் என்று அவள் படித்தவள், பரீட்சை எழுதியவள். பேசியது படித்தவள் இல்லை. கதவுக்குப் பத்தடியில் பிள்ளையைப் படுக்கவைத்த தாய் பேசினாள்.

"இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும் மைனி. இத்தோட இருக்கட்டும். என்னை அனுப்புனா நான் ஒத்தக்கட்டை. பிலோமிக்கு நீங்க வேணும்லா."

ஊர்த்தலைவர் சூசை அண்ணாச்சி அன்று மதியமே கூட்டம் போட்டார். அமலி அறுத்த கம்பியைப் படமாகத் திரையில் காட்டி, ஐந்து கதவுகளையும் திறக்காமல் அப்படியே பூட்டிவைக்கச் சொன்னாள். புதுக் கம்பிகள் மாட்டும்வரை ஒரு கட்டி நிக்கல்கூட உள்ளே வராது. மேலேயுள்ள கம்பெனி தொலைபேசியில் குதித்தது. தொட்டிக்குத் தேவையான உப்புகள் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தன. சூசை அண்ணாச்சி நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனிக்கு ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். கம்பியைக் கூடுதல் நேரம் வைத்தது யார் என்று கேட்டார்.

இன்னாசி எழுந்து நின்றான். "நான்தான். என் சொந்த புத்தியில செஞ்சேன். பயந்துட்டேன். பிள்ளைய கதவடியில படுக்க வச்சிட்டு எப்படிப் பயப்படாம இருக்கது. பயம் இருந்தா வேலை சுத்தமா இருக்கும்னு இந்தச் சட்டத்த வச்சிய. பயந்ததாலதான் நான் கெடுத்தேன். அந்தச் சட்டத்த எடுத்துருங்க அண்ணாச்சி."

சட்டம் தன் கையில் இல்லை என்றார் அண்ணாச்சி. பிறகு அமலியின் பக்கம் திரும்பினார்.

"அவன் கூடுதலா வச்சது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது அண்ணாச்சி" என்றாள் அமலி.

அது பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை. அவன் மூன்று மணி நேரம் வைப்பான் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். எதிர்வரிசையில் தொபியாஸ் தன் இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை லிப்டில் இன்னாசி தனியாகப் போனான். பிலோமியிடம் சூரியனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அவள் அதை நம்பவில்லை, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அந்த அளவு தெரியும். அவனுடைய சாப்பாட்டுத் தட்டைக் கழுவி அலமாரியில் மேல்தட்டில் வைத்தாள்.

அடுத்த லிப்ட் நாற்பது நாள் கழித்துத்தான். அதற்குள் கதவுகள் தயாராக வேண்டும். தொபியாஸ் மறுபடி தொட்டி வேலையில் இறங்கினான். ஏழு நாள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை, சாப்பாடு அங்கேயே போனது. நாற்பது அடுக்கும் ஒரு பிசிறு இல்லாமல் பூசியிருந்தான். மூன்றாம் கதவடி மூழ்கிப்போனதால் அவர்கள் இரண்டு குடும்பத்துக்கும் இப்போது நாலாம் கதவடியில் வீடு. பிலோமியின் பாய் கதவுச் சுவரை ஒட்டித்தான் விரிக்க முடிந்தது. அறை அவ்வளவுதான்.

ஃபர்னஸுக்கு ஆள் இல்லை. அந்த வேலையை எடுக்க ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை. அமலியே பார்க்கட்டும் என்றார் அண்ணாச்சி, அவளுக்குத்தான் சங்கதி தெரியும் என்று. அவள் சரி என்றாள்.

லிப்ட் போன ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் கம்பிகளை உள்ளே வைத்துச் சூட்டை ஏற்றினார்கள். தொபியாஸும் வந்து நின்றுகொண்டான். உள்ளே இருபது கம்பி, ஒரு சாம்பிள், ஊரில் மிச்சமிருந்த டங்ஸ்டன் மொத்தமும். முள் நானூறைத் தொட்டதும் அவள் ஒரு மணி நேரத்துக்கு அலாரத்தைத் திருகிவைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அலாரம் அடித்தது.

அமலியின் கை ஃபர்னஸை அணைக்கிற விசையின் மேல் இருந்தது. கீழே அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கை அழுத்தவில்லை. சுவரை ஒட்டிய பாயும் அதில் சுருண்டு படுத்திருக்கும் பிள்ளையும்தான் கண்ணுக்குள் நின்றன. ஒருவேளை முள் தப்பாகக் காட்டுகிறதோ. ஒருவேளை உள்ளே நடுவில் சூடு முழுசாக ஏறவில்லையோ. இன்னும் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் என்ன கெட்டுவிடும். அவளுக்கு எல்லாம் தெரியும். கரைந்துபோன அடுக்கைத் தன் கண்ணால் பார்த்தவள். தெரிந்தும் கை இறங்கவில்லை.

தொபியாஸ் அவள் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். எட்டி அவள் கைக்கு மேலேயே தன் கையை வைத்து விசையை அழுத்தினான். ஃபர்னஸின் இரைச்சல் அடங்கியது.

"அன்னைக்கு இன்னாசிட்ட நீங்கதான் சொன்னியளோ அக்கா" என்றான். கோபமாகக் கேட்கவில்லை.

"ஆமா" என்றாள் அமலி.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தட்டை வெளியே இழுத்தார்கள். ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். இந்தத் தடவை அவள் சாம்பிளை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. கம்பிகள் ஆறி, கையில் தொடும் சூட்டுக்கு வரும்வரை பக்கத்திலேயே நின்றாள். சாம்பிள் ஆயிரத்து ஐந்து காட்டியது.

அமலி சோதனைச் சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கீழே வைக்காமல், சீட்டைத் திருப்பி, அன்று வாசலில் நின்று தான் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் எழுதினாள். அதன் கீழும் கையெழுத்துப் போட்டாள். கதவில் கம்பி மாட்ட இந்தச் சீட்டு சூசை அண்ணாச்சியிடம் போயாக வேண்டும், நீயே கொண்டுபோய்க் கொடு என்று தொபியாஸிடம் நீட்டினாள்.

அவன் முன்பக்கத்தைப் படித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தான். ரொம்ப நேரம் எடுத்துப் படித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருதரம் தடவிக்கொண்டான்.

"பள்ளிக்கூடம் விடுற நேரம் ஆயிட்டு" என்றான். "போயிப் பிலோமியக் கூட்டிட்டு வாங்க. எம் பிள்ளையளையும் சேத்துக் கூட்டிட்டு வாங்க."

அவன் அண்ணாச்சியின் அறைப்பக்கம் நடந்தான். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள். லிப்ட் வர இன்னும் முப்பத்தொரு நாள் இருந்தது.